எந்தத் தெருவில் தண்ணீர்? 2015 சென்னை வெள்ள வரைபடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2015 டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய இதழ் மழையால் நின்றது அதுவே முதல்முறை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர வழியில்லை, அவ்வளவுதான் காரணம். எந்திரம் இருந்தது, செய்தியும் மலைபோலக் குவிந்திருந்தது. போக ரோடுதான் இல்லை.

அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் சுமார் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட, அடையாறு கரைமீறி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் புகுந்தது. விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தது. அந்த நாட்களில் ஊர் முழுக்க ஒரே கேள்விதான்: "அந்தப் பக்கம் போக முடியுமா?" பால் வண்டிக்காரர், படகோடு வந்த மீனவர், மருந்து கொண்டுபோன இளைஞர், வெளியூரிலிருந்து அப்பா அம்மாவைத் தேடி வந்த பிள்ளை, எல்லோருக்கும் அதே கேள்வி.

அதற்குப் பதில் சொல்ல முயன்றது ஓர் இணைய வரைபடம். மேப்பாக்ஸ் என்ற இணைய வரைபட நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய அருண் கணேஷ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த உலக வரைபடத்தின் இந்தியக் குழுவினர் நிரல் பகிரும் தளமான ஜிட்ஹப்பில் வைத்திருந்த பக்கத்தில் அதை ஏற்றினார். ஊரின் தெருக்கள் எல்லாம் அதில் கோடுகளாக இருக்கும். தண்ணீர் நிற்கும் தெருவைத் தேடி, ஜூம் செய்து, அந்தக் கோட்டின் மேல் க்ளிக் செய்தால் போதும், வெள்ளம் சூழ்ந்த தெருவாகப் பதிவாகிவிடும். ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. பிபிசி வரைக்கும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த வரைபடத்தில் தொழில்நுட்பப் புதுமை என்று பெரிதாக எதுவும் இல்லை என்பதே என் கணிப்பு. மழைக்கு முன்பே யார்யாரோ வரைந்து வைத்த கோடுகளும், மக்களிடம் கேட்ட ஒரே ஒரு சின்னக் கேள்வியும்தான் அதை ஓடவைத்தன. புவித்தரவுக் கோப்புகளை வைத்து ஊருக்கு ஒரு வரைபடம் போட நினைக்கும் யாரும் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பின்னா, கோடா?

பொதுவாக நாம் வரைபடம் போடுவது எப்படி? ஓர் இடத்தில் பின் குத்துவோம். அதைத் தட்டினால் ஒரு பெட்டி திறக்கும்; அதில் பெயர், முகவரி, போன் நம்பர், "உடனே உதவி தேவை" என்ற வரி. 2015இல் சமூக ஊடகங்களில் சுற்றிய உதவிப் பட்டியல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. கூகுள் ஷீட்டில் வரிசை வரிசையாக மனிதர்களின் பெயரும் எண்ணும். மீட்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட பட்டியலை யாராவது சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே வேண்டுகோள் பத்துப் பேர் கைமாறிப் பத்து வரியாக வந்து நிற்கும். ஆள் மீட்கப்பட்ட பிறகும் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

வெள்ள வரைபடம் ஆளைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்டது. தண்ணீர் நிற்கிறதா, இல்லையா? இதனால் மூன்று சிக்கல்கள் ஒரே அடியில் தீர்ந்தன. யாருடைய பெயரும் எண்ணும் பொதுவெளிக்கு வரவில்லை. ஒரே தெருவை நூறு பேர் குறித்தாலும் அது ஒரு கோடுதான், குவியலாகாது. எழுத்துப்பிழைக்கும் இடமில்லை. ஒருவர் 'வேளச்சேரி' என்றும் இன்னொருவர் ஆங்கிலத்தில் நாலு விதமாகவும் எழுதினால் பிறகு அதைச் சேர்த்து எண்ணுவதற்குள் உயிர் போய்விடும். இங்கே யாரும் எதையும் தட்டச்சு செய்யவே இல்லை.

ஆனால் க்ளிக் செய்ய அங்கே ஒரு கோடு இருக்க வேண்டுமே! 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். சென்னையின் தெருக்களைப் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் அதில் வரைந்து வந்திருந்தார்கள். மழை நாளில் புதிதாக வரைய வேண்டியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. இன்னொன்று, அந்தத் தரவு திறந்த உரிமத்தில் இருக்கிறது. கூகுள் வரைபடத்தைப் பார்த்துக் கோடிழுத்து அதைத் தனிக் கோப்பாக வெளியிட உங்களுக்கு அனுமதி கிடையாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். பங்களிப்பாளர்களுக்கு நன்றி தெரிவிக்கும் வரி வரைபடத்தில் இருக்க வேண்டும், அந்தத் தரவின் மேல் கட்டிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்து விட வேண்டும்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

இத்தகைய வரைபடங்களின் அடியில் இன்று பெரும்பாலும் இருப்பது ஜியோஜேசன் கோப்பு. 2008இல் வந்த வடிவம். 2016இல் ஆர்எஃப்சி 7946 என்ற எண்ணில் முறையான தரநிலையானது. திறந்தால் வெறும் எழுத்துகள்தான், நோட்பேடிலேயே படிக்கலாம். ஒவ்வோர் அம்சத்துக்கும் இரண்டு பாதி. வடிவம் என்ன, அது எங்கே இருக்கிறது என்பது ஒரு பாதி: தெருவானால் கோடு, ஏரியானால் பலகோணம், குழாயடியானால் புள்ளி. அதைப் பற்றிய விவரம் மறு பாதி: பெயர், நிலை, பார்த்த நேரம், எது வேண்டுமானாலும்.

இதில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் இடறும் கல் ஒன்று உண்டு. கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தை நகலெடுத்தால் முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை வரும். வேளச்சேரி என்றால் 12.98, 80.22. ஜியோஜேசனில் வரிசை தலைகீழ், முதலில் 80.22, பிறகுதான் 12.98. மாற்றிப் போட்டால் கோப்பு எந்தப் பிழையும் காட்டாது, ஒழுங்காகவே திறக்கும். வேளச்சேரி மட்டும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் மிதக்கும். "கோப்பு ஏறிவிட்டது, வரைபடம் காலியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் ஜூமை வெளியே இழுத்து வடதுருவத்தைப் பாருங்கள். பாதி நேரம் அங்கேதான் இருக்கும். குழப்பத்துக்குக் குழப்பம், இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டப் பயன்படும் லீஃப்லெட் என்ற நிரல் நூலகம் ஜியோஜேசன் கோப்பைப் படிக்கும்போது இதைத் தானே சரிசெய்துகொள்ளும். அதே லீஃப்லெட்டில் நீங்கள் கையால் ஒரு பின் வைத்தால் அட்சரேகையைத்தான் முதலில் கேட்கும்.

அரசு அலுவலகங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வருவது வேறு வடிவம்: ஷேப்ஃபைல். 1990களில் எஸ்ரி நிறுவனம் கொண்டுவந்தது, இன்னும் சாகவில்லை. பெயர்தான் ஒருமை, உண்மையில் அது ஒரே பெயரில் வெவ்வேறு பின்னொட்டுடன் வரும் கோப்புக் கூட்டம். ஒன்றை மட்டும் மெயிலில் அனுப்பினால் மறுமுனையில் திறக்காது, ஜிப் செய்துதான் அனுப்ப வேண்டும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு அதில் தனித் தலைவலி இருக்கிறது. அதன் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் தலைப்பு 10 பைட்டைத் தாண்டக் கூடாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனிக் குறி. 'பெயர்' என்ற சொல்லில் ஐந்து குறிகள், ஆக 15 பைட். அதாவது பெயர் என்று பெயர் வைக்கக்கூட அங்கே இடமில்லை! குறிமுறையைச் சொல்லும் துணைக்கோப்பு தொலைந்துபோனால் உள்ளே இருக்கும் தமிழ்த் தெருப்பெயர்களும் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டும். அதனால் ஷேப்ஃபைல் கையில் கிடைத்ததும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒருமுறை திறந்து, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, ஜியோஜேசனாகச் சேமித்துவிடுவது நல்லது. அப்படிச் சேமிக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் 15 இலக்கம் வரை அது எழுதப் பார்க்கும். ஐந்தாவது இலக்கமே ஏறக்குறைய ஒரு மீட்டர். தெருவுக்கு ஆறு இலக்கம் தாராளம். மீதியை வெட்டினால் கோப்பு கணிசமாக இளைக்கும், 2ஜியில் திணறும் போனிலும் திறக்கும்.

திரையில் தமிழ் எப்படித் தெரியும் என்பதையும் முன்பே சோதித்துவிட வேண்டும். வெக்டர் முறையில் உலாவியிலேயே வரையும் மேப்பாக்ஸ் ஜிஎல், மேப்லிப்ரே போன்ற நூலகங்கள் நெடுங்காலமாக இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோத்ததில்லை. ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக இடமிருந்து வலமாக வைத்துவிடும். ஆகவே 'வே' என்பதில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். சிறுசிறு படத்துண்டுகளாகவே வரைந்து அனுப்பும் பழைய பாணி டைல்களிலும், தட்டினால் திறக்கும் பெட்டியிலும் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பெயரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கூட்டம் வந்தால் தாங்குமா

பேரிடர் நேரத்தில் ஒரு லிங்க் வாட்ஸ்அப்பில் பரவினால் ஒரே மணி நேரத்தில் ஊரே வந்து கதவைத் தட்டும். சென்னை வரைபடத்தின் பக்கம் ஜிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இடத்தில் நிலையான கோப்பாக இருந்தது. ஒவ்வொரு பார்வையாளருக்கும் புதிதாகப் பக்கம் சமைத்துத் தரும் சர்வர் பின்னால் இல்லை. இருக்கும் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. படுத்துவிட அங்கே அதிகம் ஒன்றுமில்லை.

அடிப்படை வரைபடம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சொந்த டைல் சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை. அளவுக்கு மீறி இழுத்தால் தடுத்துவிடுவார்கள், அவர்களுடைய விதியே அது. தரவு இலவசம், சர்வர் இலவசமல்ல. 2015இல் அந்தச் சுமையைத் தாங்க மேப்பாக்ஸ் பின்னால் இருந்தது. குடியிருப்போர் சங்கத்துக்குப் பின்னால் அப்படி யாரும் இருக்கப்போவதில்லை.

எங்கே சறுக்கும்

குறிக்கப்படாத தெரு காய்ந்த தெரு என்று பொருளில்லை. இந்த வரைபடத்துக்கு மட்டுமல்ல, மக்கள் தரும் தகவலில் ஓடும் எல்லா வரைபடங்களுக்கும் இதுதான் ஆகப்பெரிய பொறி. முடிச்சூரில் மொட்டை மாடியில் நிற்பவருக்குக் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அவர் எங்கே க்ளிக் செய்வது? போன் வேலை செய்யும் பகுதிகள்தான் வரைபடத்தில் நிறைந்து தெரியும். ஸ்மார்ட்போன் குறைந்த வடசென்னைத் தெருக்கள் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். பார்க்கும் அதிகாரி அதை நம்பிப் படகைத் திருப்பினால் கேட்கவே வேண்டாம். 'தண்ணீர் இருக்கிறது', 'தண்ணீர் இல்லை' என்பதோடு 'தகவலே இல்லை' என்று மூன்றாவது நிலையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்கென்று தனி நிறத்தில். சொல்ல எளிது, பெரும்பாலான வரைபடங்களில் இன்றும் இல்லை.

அடுத்தது கோட்டின் நீளம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சாலை ஒரே கோடாக இருப்பதில்லை. பாலம் வரும் இடம், ஒருவழியாகும் இடம், பெயர் மாறும் இடம் என்று துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள். ஒரு துண்டு 50 மீட்டர் இருக்கும், அடுத்தது ஒரு கிலோமீட்டர் இருக்கும். மழை என்றாலே நிரம்பிவிடும் துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் மொத்தம் எவ்வளவு தூரம்? அந்தப் பள்ளத்துக்காக முழுத் துண்டும் வெள்ளமாகக் காட்டப்பட்டால், சுற்றிப்போக வேண்டாதவரும் சுற்றிப்போவார். மழைக்காலத்துக்கு முன் சுரங்கப்பாதைகளை மட்டுமாவது தனித்துண்டாக வெட்டி வைப்பது பயனுள்ள வேலை.

சரி, விண்ணிலிருந்து அளந்த உயரத் தரவை வைத்துப் பள்ளமான தெருக்களைக் கணினியே கண்டுபிடிக்காதா என்று கேட்பார்கள். நாசாவின் எஸ்ஆர்டிஎம் தரவு 30 மீட்டர் கட்டங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் உயரக் கணக்கில் சில மீட்டர் பிழை சகஜம். கட்டடமும் மரமும் நிலத்தோடு சேர்ந்தே அளக்கப்பட்டிருக்கும். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்து, தட்டையாகக் கிடக்கும் சென்னையில் முழங்கால் தண்ணீருக்கும் இடுப்பளவு தண்ணீருக்கும் வேறுபாடு சொல்ல அது உதவாது. ஏரியும் கால்வாயும் எங்கே இருந்தன என்பதைக் காட்டும் பழைய நில வரைபடம் அதைவிட நேர்மையான சாட்சி.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது நேரத்தைப் பற்றி. தண்ணீர் ஏறும்போது க்ளிக் செய்ய நூறு பேர் வருவார்கள். வடிந்த பிறகு திரும்பி வந்து குறியை நீக்க யார் வருவார்? அவர்கள் வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருப்பார்கள். ஜகார்த்தாவில் 2014 டிசம்பரில் தொடங்கிய பெட்டாஜகார்த்தா திட்டம் இதற்கு வேறு வழி பிடித்தது. வெள்ளம் பற்றி ட்விட்டரில் எழுதியவர்களிடமே இடத்தை உறுதிசெய்யச் சொல்லிப் பதில் அனுப்பி, வந்த தகவலைக் குறிப்பிட்ட நேரம் மட்டும் திரையில் வைத்திருந்தது. அதன் பிறகு தானே விலகிவிடும். அதன் வழித்தோன்றலாக ரிஸ்க்மேப் 2017இல் சென்னைக்கே வந்தது. எம்ஐடியின் அர்பன் ரிஸ்க் லேப் முன்னின்று செய்தது. சாட்பாட்டிடம் சொன்னால் இடம், தண்ணீரின் ஆழம், போட்டோ என்று வரிசையாகக் கேட்டு வாங்கும். தகவல் செறிவாக வரும், சந்தேகமில்லை. ஆனால் 2015இன் ஒற்றை க்ளிக்கோடு ஒப்பிட்டால் கேள்விகள் கூடிவிட்டன. ஒவ்வொரு கூடுதல் கேள்விக்கும் கொஞ்சம் பேர் கழன்றுகொள்வார்கள். எது மேல் என்று என்னைக் கேட்டால், தெருவுக்கு க்ளிக், சுரங்கப்பாதைக்கு ஆழம் என்று பிரித்துக்கொள்வேன்.

சட்டம் குறுக்கே வந்த கதை

வெள்ளம் வடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2016 மே மாதம் மத்திய அரசு புவித்தகவல் ஒழுங்குமுறை மசோதா ஒன்றின் வரைவை வெளியிட்டது. புவித்தகவலைத் திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி வேண்டும். மீறினால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை. டிசம்பர் 2 அன்று தெருவைக் குறிக்க உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியது, மசோதா சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள் நேரெதிர்த் திசையில் போய், இந்தியர்களுக்கு முன் அனுமதித் தேவையைப் பெருமளவு நீக்கின. நாட்டின் எல்லையை அதிகாரபூர்வ வரைபடப்படி காட்ட வேண்டும் என்பது இப்போதும் கட்டாயம். ஒரு வார்டு வரைபடத்துக்கு அந்தத் தொல்லை வராது.

ஒரு வார்டுக்குச் செய்தால்

ஐப்பசி மழைக்கு முன் ஒரு குடியிருப்போர் சங்கம் இதைச் செய்ய விரும்பினால் ஆப் எதுவும் கட்ட வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தேடி எடுத்துத் தரும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் உங்கள் பகுதியைத் திரையில் வைத்து, சாலைகளை மட்டும் கேட்டு, ஜியோஜேசனாக இறக்கிக்கொள்ளலாம். விடுபட்ட சந்துகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சேர்த்துவிட்டு இறக்கினால் ஊருக்கும் புண்ணியம். பிறகு யூமேப், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் சொந்த வரைபடம் போட உதவும் தளம். கணக்கு இல்லாமலேகூட அதில் வரைபடம் தொடங்கலாம். திருத்துவதற்கு ஒரு ரகசிய லிங்க் தரும். அந்த லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். தெருவுக்கு ஒருவர் என்று பொறுப்பானவர்களுக்கு மட்டும் கொடுத்து, பார்க்கும் லிங்க்கை எல்லோருக்கும் அனுப்புங்கள். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் லீஃப்லெட் போதும். 2011இல் வோலோதிமிர் அகஃபோன்கின் வெளியிட்ட இந்தச் சின்ன நூலகம் இன்றும் திடமாக ஓடுகிறது.

எந்தக் கருவியானாலும் வாரம் ஒருமுறை ஜியோஜேசன் கோப்பைத் தனியே இறக்கி வைத்துவிட வேண்டும். வரைபடங்களை எளிதாகப் போடப் பலரும் நம்பியிருந்த கூகுள் ஃப்யூஷன் டேபிள்ஸ் 2019 டிசம்பரில் மூடப்பட்டது. மேப்பாக்ஸ் ஜிஎல் நூலகம் 2020 டிசம்பரில் திறந்த உரிமத்தைக் கைவிட்டது. மேப்லிப்ரே பிறந்தது அதனால்தான். தளம் போனால் வரைபடம் போகும், கோப்பு கையில் இருந்தால் வேறு தளத்தில் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம்.

நெடுவரிசைகளைக் குறைவாக வையுங்கள்: தெரு, நிலை, பார்த்த நேரம். மூன்றாவதில் மட்டும் கவனம். உலாவிகள் நேரத்தைப் பெரும்பாலும் கிரீன்விச் கணக்கில்தான் எழுதிவைக்கும். டிசம்பர் 2 அதிகாலை 2 மணிக்கு ஏறிய தண்ணீர், கோப்பில் டிசம்பர் 1 இரவு 8.30 என்று பதிவாகும். செம்பரம்பாக்கத்தில் எத்தனை மணிக்குத் திறந்தார்கள், நம் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று பின்னால் ஒப்பிட உட்கார்ந்தால் அந்த ஐந்தரை மணி நேரம் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். நேரத்தோடு +05:30 என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லி முதல் நாளே அமைத்துவிடுங்கள்.